வெறுங்கால் நடை

அக்கா இறந்த பிறகு எல்லோரும் அவளைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். அவள் கேட்டிருந்தால் பிடித்திருக்காது. "இவ்வளவு பொய்யையும் இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தாங்க?" என்று என் காதருகே கேட்டிருப்பாள்.

எங்களுடையது குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு தம்பி நிர்வாகம் பார்த்தான், அக்கா வகுப்பு எடுத்தாள், நான் தீனியையும் லாயத்தையும் கவனித்தேன். அக்காவுக்கும் எனக்கும் திருமணம் ஆகவில்லை. புதிதாக வருகிற பெற்றோரிடம் அவளே இதைச் சொல்லிச் சிரிப்பாள். "எனக்கும் ஆகல, இவளுக்கும் ஆகல. ஆனா நான் மாட்டேன்னு சொன்னவ. இவள யாரும் கேக்கவே இல்ல." வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். நான் வைக்கோலை அள்ளிக்கொண்டிருப்பேன்.

டீச்சர் என்பது எங்கள் கிழட்டுப் பெண்குதிரை. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அது பரீட்சை வைக்கும். கூன் போட்டு உட்கார்ந்தால் நகராது. கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் நின்று, கழுத்தைத் திருப்பி, முதுகில் இருப்பவரை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் அந்தப் பெயர். அக்காவுக்கு உலகத்தில் மரியாதை இருந்தது அந்த ஒரு ஜீவனிடம் மட்டும்தான்.

அந்த வருடம் நல்ல மழை. பின்பக்கப் புல்வெளி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பச்சையாகக் கொழுத்துக் கிடந்தது. அக்கா டீச்சரைக் காலையில் அதில் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயும்போதுதான் பிடித்துவருவாள்.

"இவ்வளவு இளம்புல்லு ஆகாதுக்கா," என்றேன்.

"மேயட்டும்டி. அவ தின்னா உனக்கேன் வயிறு எரியுது?"

சில நாளில் டீச்சர் லாயத்தை விட்டு வெளியே வர மறுத்தது. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காரப் பார்ப்பதுபோல் நின்றது. குளம்பைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தெறித்தது.

"தங்கச்சி புல்லுல விட்டுட்டா," என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள். தம்பி என்னை முறைத்தான். எங்கள் வீட்டில் எது கொட்டினாலும் கொட்டியது நான்தான் என்பது சின்ன வயதிலேயே முடிவான விஷயம்.

கால்நடை டாக்டர் பொறுமையானவர். குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது, அதைக் குளம்பின் சுவரோடு சேர்த்துப் பிடித்திருப்பது மெல்லிய சதை, அந்தச் சதை வீங்கிப் பிடி தளர்ந்தால் எலும்பு தரையைப் பார்த்துச் சாயும் என்று விளக்கினார். "நகத்துக்கு அடியில சதை பிஞ்சா எப்படி இருக்கும்? அந்த நகத்து மேலயே உடம்பு மொத்தத்தையும் தாங்கி நில்லுன்னா எப்படி இருக்கும்? அதுதான் இது. ரத்தத்துல சக்கரை ஏறினதால வந்த வினை. மனுஷனுக்கு வர்ற சுகருக்குச் சித்தப்பா மக மாதிரின்னு வெச்சுக்குங்க."

"அப்ப நானும் இவளும் சொந்தக்காரங்க," என்றாள் அக்கா. அவளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை இனிப்புப் போட்ட டீயில் விழுங்குவாள். கேட்டால், "மாத்திரைக்கும் வேலை வேணும்ல?" என்பாள்.

லாடக்காரர் வந்து நான்கு லாடங்களையும் கழற்றினார். முன்குளம்புகளின் நுனியைச் சீவிக் குறைத்தார். லாயத்தில் மரத்தூளை மெத்தைபோல் கொட்டினேன். டீச்சர் அதில் படுத்துக் கிடந்தது. குதிரை அப்படிப் படுத்துக் கிடப்பதைப் பார்ப்பது நல்லதல்ல. அக்கா தினமும் போய் அதன் பக்கத்தில் தூளில் உட்கார்ந்துகொண்டு, வகுப்புக்கு வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திட்டித் தீர்ப்பாள். அது காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சூடு தணிந்து, வலி மாத்திரை இல்லாமலே நிற்கத் தொடங்கிய பிறகு டாக்டர் நடத்தச் சொன்னார். மணல் திடலில் மட்டும். நேராக. திருப்பும்போது பெரிய வளைவாக. தினம் கொஞ்சம். நடத்துகிற நாட்களில் வலி மாத்திரை கூடவே கூடாது. "வலிதான் அதுக்கு பிரேக். மாத்திரை குடுத்தா துள்ளிக்கிட்டு நடக்கும், உள்ள ஒட்டிக்கிட்டு வர்றது மறுபடி பிஞ்சுக்கும். பாதத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. குதி முதல்ல தரையில படணும். நுனி முதல்ல பட்டா இன்னும் வலிக்குதுன்னு அர்த்தம்." கோடை முடிவதற்குள் மறுபடி வந்து எக்ஸ்ரே எடுப்பதாகச் சொன்னார். "அப்பவும் எலும்பு இறங்கிக்கிட்டேதான் இருக்குன்னா, வெச்சுக்கிட்டிருக்கறது பாவம். ஊசி போட்டு முடிச்சிரலாம்."

தம்பி உடனே தலையாட்டினான். டீச்சரின் லாயம் அவனுக்கு வேண்டியிருந்தது. வரப்போகிற ஒரு இளங்குதிரையைப் பற்றி ஏற்கெனவே எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் நடத்துறேன்," என்றாள் அக்கா. "வேற எவளும் கயித்தைத் தொடக் கூடாது."

எவளும் என்றால் நான்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. லாடம் கழற்றிய குதிரையை நடத்துகிறவர் செருப்புப் போடக் கூடாது. அப்பா வைத்தது. குதிரை தன் நோவை மறைக்கும், நொண்டிக் காட்டும்போது காரியம் கெட்டிருக்கும், ஆகவே உன் பாதத்தைக் கேள் என்பது அவர் கட்சி. கல் குத்தினால், தரை சுட்டால், மண் இறுகியிருந்தால் உன் பாதம் முதலில் சுருங்கும். சுருங்கின இடத்தில் திரும்பிவிடு. டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். "தரையைக் கண்ணால பாத்தா போதாதா?" என்றார். அக்கா அவர் முகத்துக்கு நேரே செருப்பைக் கழற்றி வேலிக் கம்பியில் மாட்டினாள்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. விடிந்ததும் மணல் திடலில் அக்காவும் டீச்சரும் நடப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நடைதான்: ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல், எதிரில் யாராவது வந்தால் அவர்கள்தான் விலக வேண்டும் என்பதுபோல். நான் தண்ணீர்த் தொட்டியருகே நின்று குதிரையின் பாதங்களைப் பார்ப்பேன். குதி முதலில் பட்டது. குளம்பின் மேல்விளிம்பில் புது வளர்ச்சி, பழையதைவிட மிருதுவாக, ஒரு விரல்கடை அளவுக்கு இறங்கியிருந்தது.

அப்புறம் தம்பி காலை வகுப்பு ஒன்றைக் கூடுதலாகத் தொடங்கினான். மணல் திடல் அதற்குப் போய்விட்டது.

அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அவள் தம்பியோடு மோதுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வருடம், இடுப்பு ஒடிந்து எழுந்து வந்த பழைய பயிற்சியாளரைத் தம்பி வாசலோடு அனுப்பியிருந்தான். "கால் சரியில்லாத ஆளை வெச்சுப் பிள்ளைங்களை ஏத்த முடியாது. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான். அந்த மனிதர் அப்பாவோடு சேர்ந்து முதல் வேலியை நட்டவர். அவர் போனபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பின்பாதையில நடத்திக்கிறேன்," என்றாள் இப்போது. "அதுவும் மண்ணுதானே?"

பின்பாதை மதிலுக்கு அந்தப் பக்கம். எங்கள் சின்ன வயதில் அதில் புழுதி கணுக்கால் வரை புதையும். மழையில் வண்டித் தடம் பள்ளமானபோது யாரோ உடைகல்லைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். பிறகு காற்று புழுதியைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்திவிட்டது. மேலே பார்த்தால் பழைய பாதைதான். கால் வைத்தால்தான் தெரியும்.

அக்கா தினமும் அதில்தான் கால் வைத்தாள்.

டீச்சர் மெலிந்துவந்தது. தீனியை மிச்சம் வைத்தது. திரும்பி வரும்போது தலை ஒவ்வோர் அடிக்கும் மேலே எகிறியது. முன்குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு மறுபடி வந்திருந்தது.

"நுனியில நடக்குதுக்கா."

"சோம்பேறித்தனம். ரொம்ப நாளு மெத்தையில படுத்து ருசி கண்டுட்டா."

"நாடி தெறிக்குது. தொட்டுப் பாரு."

"நீ டாக்டரா? தீனி வைக்கிறவ தீனி வை."

ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அடிக்கிற சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். டீச்சர் பாதை தொடங்கும் இடத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றிருந்தது. அக்கா கயிற்றின் முனையால் அதன் தோளில் விளாசிக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் எவரையும் எப்படி வேண்டுமானாலும் பேசுவாள். குதிரையை அடித்து நான் பார்த்ததில்லை.

"நட! என் கால்ல ஒரு முள்ளுகூட குத்தல. உனக்கு மட்டும் என்னடி நோவு? நாடகமா போடுற? நட!"

டீச்சர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. அந்தப் பழைய பார்வை. அக்கா அதன் முகத்திலேயே ஓர் அடி கொடுத்தாள். அது நடந்தது. கொதிக்கிற சட்டியின் மேல் நடப்பதுபோல் குளம்பை வைத்து வைத்து எடுத்தது. அக்கா பக்கத்தில், வெறுங்காலோடு, பூங்காவில் உலாவப் போகிறவள்போல் நடந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போன ஒரு காலையில் நான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு பின்பாதைக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வைத்து முதல் அடி வைத்தேன். இரண்டாவது அடியில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். புழுதிக்கடியில் கல்லெல்லாம் கத்திபோல் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் எனக்குப் பின்னால் அசையாமல் நின்றது. குனிந்து ஒரு கை அள்ளிக்கொண்டு அதைத் திருப்பி ஓட்டிவந்தேன்.

அக்கா வந்ததும் அவள் முன்னால் மேசைமேல் கல்லைக் கொட்டினேன்.

"இதுலதான் நடத்துறியா?"

அவள் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க கிடந்துச்சு?"

"நீ தினம் மிதிக்கிற எடத்துல."

கல்லைச் சன்னலுக்கு வெளியே எறிந்தாள். "உனக்குப் பஞ்சுப் பாதம். மூட்டை தூக்கியே வளந்தும் பாதம் மட்டும் மகாராணிக்கு வாச்ச மாதிரி. எனக்கு ஒண்ணும் குத்தல. அவ்வளவுதான்."

மறுநாள் குளம்பு சீவ லாடக்காரர் வந்திருந்தார். குதிரை கழுவும் சிமென்ட் தளத்தில் டீச்சரை நிறுத்தி, அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாளியோடு வந்தபோது தளத்தில் ரத்தம் திட்டுத் திட்டாக இருந்ததைப் பார்த்தேன்.

"குளம்பு வெடிச்சிருச்சு!" என்றேன்.

லாடக்காரர் ஒவ்வொரு காலாகத் தூக்கி, துடைத்து, அடியைப் பார்த்தார். "கொதிக்குது, அது வாஸ்தவம். ஆனா ரத்தம் இல்லீங்களே." நான்காவது காலைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். திட்டுகள் லாயத்திலிருந்து வரிசையாக வந்தன. குதிரை நின்ற இடத்தைத் தாண்டி, அக்கா நின்ற இடத்தில் முடிந்தன.

"நீங்க கொஞ்சம் காலைத் தூக்குங்கம்மா," என்றார்.

"என்னைப் பாத்தா குதிரை மாதிரி இருக்கா?"

"தூக்குங்க சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே டீச்சரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரை தூக்குவதுபோலவே வலது காலைப் பின்னால் மடக்கினாள். அவர் அதை முழங்காலில் வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம். குதிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதைச் சுற்றிச் சதை வெளுத்து ஊறியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் இடுக்கியை எடுத்தார்.

அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். போன தடவை முன்குளம்பை இடது பக்கம் அதிகமாகச் சீவிவிட்டாராம். கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். அவர் மனைவி சமையலில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டதால்தான் அவருக்குப் புத்தி மந்தமாகிவிட்டது என்றாள். அவர் இடுக்கியால் பிடித்து, ஆட்டி, இழுத்தார். வரவில்லை. மறுபடி பிடித்து முறுக்கி இழுத்தார். ஒரு வளைந்த லாட ஆணி முழுசாக வெளியே வந்தது. அதோடு வேறு என்னவெல்லாமோ வந்தது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"...உப்பில்லாத மனுஷன் கையில கத்தியைக் குடுத்தா இப்படித்தான்," என்று அக்கா முடித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பினாள்.

லாடக்காரர் ஆணியைக் காட்டினார். "என் ஆணிதாம்மா. லாடம் கழட்டினப்ப விழுந்திருக்கும்."

"அதை ஏன் எங்கிட்ட காட்டுற?"

அவள் காலை முன்னால் கொண்டுவந்து, குனிந்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து டீச்சரின் தோளைப் பார்த்தாள். அங்கே கயிறு பட்ட தடிப்புகள் இன்னும் இருந்தன.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோடு அத்தனை காலம் வாழ்ந்தும் அப்படி நினைத்தேன்.

"இது தம்பி காதுக்குப் போச்சு," என்றாள் எங்கள் இருவரிடமும், "ரெண்டு பேரு நாக்கையும் இந்தக் கத்தியாலயே சீவி எடுத்துருவேன்."

அதன்பின் அவள் கயிற்றைத் தொடவில்லை. வகுப்பு முடிந்து மணல் திடல் காலியாகும் நேரத்தில் என்னை நடத்தச் சொன்னாள். தான் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். "தோளுக்குப் பக்கத்துல நட, மூக்குக்கு முன்னால இல்ல! இழுக்காத, அது என்ன உன் புருஷனா ஓடிப்போறதுக்கு?" புண்ணுக்கு ஆஸ்பத்திரி போகலாம் என்றால், "டாக்டர் வந்து இவளைப் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் போலாம்," என்பாள். துணியைச் சுற்றி அதன்மேல் அப்பாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவள் அறைக்குள் போகும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மணலுக்கு வந்தபின் டீச்சரின் சூடு இறங்கத் தொடங்கியது. ஆனால் அவகாசம் போதவில்லை. டாக்டர் வந்துவிட்டார்.

லாயத்துக்கு வெளியே நிழலில் எக்ஸ்ரே எடுத்தார். கருவியின் திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் தம்பி நின்றான். அக்கா பூட்ஸோடு டீச்சரின் கழுத்தில் கைபோட்டு நின்றாள்.

"எறங்கியிருக்கு," என்றார் டாக்டர். "போன தடவையைவிட நல்லாவே எறங்கியிருக்கு. எனக்கு இது புரியல. ஒழுங்கா நடத்தியிருந்தா இந்நேரம் நின்னிருக்கணும். மணல்லதானே நடத்துனீங்க?"

அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான். கல்லில் நடத்தினேன் என்றால் எலும்பு ஏன் இறங்கியது என்பது விளங்கிவிடும். கல்லை விட்டால் நின்றுவிடும் என்றாகிவிடும். டீச்சருக்கு இன்னும் நாள் கிடைக்கும். ஆனால் கல்லில் ஏன் நடத்தினாய், உனக்குத் தெரியவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அது தம்பியின் முன்னால் வரும்.

"மணல்லதான்," என்றாள் அக்கா.

"மணல்ல நடத்தியும் இப்படின்னா இனிமே நிக்காது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமா இருக்கு."

"இன்னைக்கே முடிச்சிரலாமா?" என்றான் தம்பி.

அக்கா டீச்சரின் பிடரிமயிரை விரலால் கோதிவிட்டாள். நெற்றியில் விழுந்ததை ஒதுக்கிவிட்டாள். "போட்டுருங்க," என்றாள்.

"கல்லுல நடத்துனா," என்றேன் நான். "பின்பாதையில, உடைகல்லு மேல, தினமும். மணலுக்கு வந்ததே இப்பத்தான். மணலுக்கு வந்ததுலேருந்து சூடு குறைஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க."

"பொய்," என்றாள் அக்கா. குரல்கூட உயரவில்லை. "புல்லுல விட்டுக் கெடுத்ததும் இவதான். இப்ப பழியை எம்மேல போடுறா. சின்ன வயசுலேருந்தே இவளுக்கு இதே பொழப்பு."

"அக்கா வெறுங்கால்ல நடத்துறவ," என்றான் தம்பி. "கல்லு இருந்தா அவளுக்குத் தெரியாதா? உங்க ரெண்டு பேரு சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. டாக்டருக்கு நேரமாகுது."

டாக்டர் பெட்டியைத் திறந்தார்.

நான் அக்காவின் அருகில் போனேன். முகத்தோடு முகம் வைத்துப் பேசுகிறவள்போல் நெருங்கி நின்றேன். என் செருப்பின் குதியை அவள் வலது பூட்ஸின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினேன். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. பழைய தோல் என் காலுக்கடியில் அமுங்கியது.

"உண்மையைச் சொல்லு," என்றேன்.

"தள்ளிப் போடி. வாய் நாறுது."

"டீச்சருக்காகவாவது சொல்லு."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ ஒரு மூதேவி. அப்பாவே சொல்லுவாரு, இவ பொறந்த அன்னைக்குத்தான் கறுப்பன் குதிரை காலை ஒடிச்சுக்கிச்சுன்னு." அவள் கண்ணில் ஒரு சுருக்கமும் இல்லை. என் குதியைத் திருகினேன். அவள் பேசிக்கொண்டேயிருந்தாள்.

"டாக்டர்," என்றேன் திரும்பாமல். "கீழ பாருங்க. நான் எது மேல நிக்கிறேன்னு பாருங்க. இவளுக்குத் தெரியாது."

டாக்டர் பார்த்தார். தம்பி பார்த்தான். கடைசியாக அக்காவும் குனிந்து பார்த்தாள். தன் காலை யாரோ தெருவில் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பூட்ஸின் தையல் வழியே ஏதோ கசிந்து மண்ணில் ஊறியது.

அவள் என்னை அறைந்தாள். நான் காலை எடுக்கவில்லை.

பூட்ஸை டாக்டர்தான் வெட்டிக் கழற்றினார். அதற்குள் இருந்ததை எழுத விரும்பவில்லை. அவர் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு, தம்பியிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். காத்திருந்த நேரத்தில் டீச்சரின் குளம்புகளைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார். "மணல்ல மட்டும்," என்று என்னிடம் மட்டும் சொன்னார். "இன்னொரு படம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அவளிடம், "இனிமே நீ வகுப்பு எடுக்க வேணாம்," என்றான். அதைச் சொல்ல அவன் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

நான் செய்தது கொடூரம் என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கலாம். இன்றைக்கும் அங்கே நின்றால் அதையேதான் செய்வேன். அடுத்த படத்தில் எலும்பு நின்றிருந்தது. அதற்கடுத்ததில் புதுக் குளம்பு பாதிவரை இறங்கியிருந்தது. டீச்சர் பிறகு பல வருடங்கள் இருந்தது. லாடம் அடிக்கவே இல்லை. கடைசிவரை பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தினமும் போனேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நர்ஸிடம் என்னைக் காட்டி, "இந்தப் பொம்பள யாருன்னு கேளுங்க. தெனம் வந்து உக்காந்துட்டுப் போகுது," என்பாள். தம்பி வந்தால் பேசினாள். அவன் கொண்டுவந்த ஆரஞ்சுகளை எனக்கு முன்னாலேயே உரித்துப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தாள். நான் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவருவேன். வந்ததும் செருப்பை விட்டுவிட்டு டீச்சரை மணலில் நடத்துவேன்.

விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னதற்குப் பிறகு, ஒரு காலையில் அவளாகவே திரும்பினாள். முகம் உள்வாங்கிப் போயிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

"செருப்பைக் கழட்டு," என்றாள்.

கழற்றினேன்.

"காலைத் தூக்கி மேல வை."

"எதுக்கு?"

"வைன்னா வைடி."

கட்டில் விளிம்பில் காலை வைத்தேன். அவள் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பாதத்தைத் திருப்பினாள். கட்டை விரலால் குதியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போனாள். மணலிலும் ஏதாவது கிடக்கும். நடுப்பாதத்தில் ஒரு வெட்டு ஆறிவந்துகொண்டிருந்தது. விரல் அங்கே நின்றது. நகத்தை அதில் வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

இன்னும் அழுத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கேயிருந்தது என்று தெரியவில்லை. ஆறிவந்த தோல் விட்டுக்கொடுத்து நகம் உள்ளே போனது.

"வலிக்குதுக்கா. விடு."

"பொய் சொல்லாம சொல்லு."

"ஐயோ, வலிக்குது! விடுக்கா!"

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா கையை எடுத்தாள். நகத்திலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். போர்வையில் துடைத்துக்கொண்டாள். என் காலை மடியிலிருந்து கீழே தள்ளிவிட்டாள்.

"சரி. நீயே நடத்து," என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இங்க என்ன பார்வை? போ. மணல் சூடேறிரும்."